இடது பக்கம் காணாமல் போன பிரேக் மாஸ்டர்

பிரேக் மாஸ்டரின் மூளை இரண்டு பாதியாகப் பிரிந்தது ஒரு வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. சலூன் நாற்காலியில், முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு அவர் சாய்ந்திருந்தபோது.

அதுவரை அது ஒரே மூளையாகத்தான் இருந்தது. பெரிதாகக் குறை சொல்ல முடியாத மூளை. ஓரளவுக்கு வேலை செய்யும், சாப்பிட்டதும் தூங்கிவிடும்.

மாஸ்டர் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வருபவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார்; மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பார். பதினோரு வருஷமாக மிதிக்கிறார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது டிவியில் ஒரு கார் வேகமாகப் போனாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை வகுப்பு. மாலை நாலிலிருந்து ஏழரை வரை வகுப்பு. நடுவில் ஆறரை மணி நேரம். இந்த ஆறரை மணி நேரம்தான் மாஸ்டரின் சொத்து. செய்தித்தாள், சலூனில் ஒரு கேரம் ஆட்டம், சாப்பாடு, அப்புறம் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு தூக்கம். இந்தச் சொத்துக்கு ஆபத்து வந்துவிட்டது. திங்கட்கிழமை மனைவியின் பிரசவ விடுப்பு முடிகிறது. பத்து மணிக்குப் போனால் மூன்றரைக்குத்தான் வருவாள். குழந்தைக்கு எட்டு மாதம். "பகல்ல நீங்க சும்மாதானே இருக்கீங்க, பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டாள்.

சும்மா! பதினோரு வருஷமாகக் கட்டிக் காத்த ஓய்வுக்கு அவள் வைத்த பெயர்.

"மாஸ்டர், இதைக் கேளுங்க" என்றார் சலூன்காரர். நுரை ஊறும்வரை பழைய வாரப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். "மூளை அக்ரூட் பருப்பு மாதிரி ரெண்டு பாதியாம். உடம்போட வலது பக்கத்தை இடது மூளை ஆளுதாம். இடது பக்கத்தை வலது மூளை."

"ஏன் அண்ணே அப்படிக் குறுக்கே மாத்தி வெச்சிருக்கு? நேரா வெச்சா சிக்னல்ல குழப்பம் இருக்காதே."

"படைச்சவனைக் கேளுங்க. இன்னும் இருக்கு. பேச்சு, சொல்லு, இலக்கணம் எல்லாம் முக்காவாசிப் பேருக்கு இடது பாதியில. முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறது, குரலோட ஏத்த இறக்கத்தை வெச்சு மனசைப் புரிஞ்சுக்கிறது, இதுல எல்லாம் வலது பாதி கில்லாடியாம்."

மாஸ்டர் மெதுவாக நிமிர்ந்தார். மூக்கு நுனியிலிருந்து நுரை சொட்டியது.

"அண்ணே, குழந்தை அழுதா அது எந்தப் பாதிக்குப் புரியும்?"

"அழுகையில சொல்லு எங்க இருக்கு மாஸ்டர்? எல்லாம் ராகம்தான். வலது பாதி."

"நான் எந்தப் பாதி?"

சலூன்காரர் அவரைக் கண்ணாடியில் பார்த்தார். "நாள் பூரா ரூல்ஸ் பேசறீங்க. போன வாரம் உங்க மாமனார் தெருவில கையைக் காட்டினாரு, யாருன்னு என்னைக் கேட்டீங்க. நீங்க சுத்த இடது."

இதைவிட நல்ல செய்தியை மாஸ்டர் அந்த நாற்காலியில் கேட்டதில்லை. "நான் இடது, வீட்ல அவ வலதுன்னு பாகம் பிரிக்கப் போறேன். இந்தப் பக்கத்தைக் கிழிச்சுக்கட்டுமா?"

"போன வருஷத்துப் புத்தகம்தானே. தாராளமா."

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்றாவது தடவை. இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு கதவுக் கொக்கியில் தொங்கியது. குழந்தை பாயில் உட்கார்ந்து பிளாஸ்டிக் சாவிக்கொத்தைச் சப்பிக்கொண்டிருந்தது.

மனைவியின் வேலையைப் பற்றி மாஸ்டருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஆஸ்பத்திரியில் பேச்சு சொல்லிக்கொடுக்கிறாள். மூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டுப் பேச்சு போனவர்கள் வருவார்கள். உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லாகத் திரும்பக் கொண்டுவருவாள். அவர்களில் ஒரு தபால்காரர் இருக்கிறார் என்று அடிக்கடி சொல்வாள். மாஸ்டர் அதைச் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்பார். அதனால் யாரிடம் மூளையைப் பற்றிப் பாடம் எடுக்கிறோம் என்ற யோசனையே அவருக்கு வரவில்லை.

"உட்காரு. உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்."

"நின்னுட்டே கேக்கறேன். சொல்லுங்க."

"மனுஷ மூளை ரெண்டு பாதி."

"ஓஹோ."

"நம்ம குடும்பமும் ஒரு மூளைதான். நான் இடது பாதி. சட்டம், ஒழுங்கு, பேச்சு. நீ வலது பாதி. முகம், குரல், பாசம். பாப்பா அழறது பாஷை இல்ல. ராகம். அது என் காதுல விழும், மூளையில விழாது. என்னை நம்பி ஒரு பச்சைக் குழந்தையை விட்டுட்டுப் போறது, பிரேக் இல்லாத வண்டியில ஏத்திவிடற மாதிரி. எனக்காகச் சொல்லல. பாப்பாவோட பாதுகாப்புக்காகச் சொல்றேன். இன்னும் ஆறு மாசம் லீவை நீட்டிக்கோ."

"இதை யார் சொன்னாங்க?"

"விஞ்ஞானம்."

"எங்க இருக்கிற விஞ்ஞானம்?"

"சலூன்ல... அதாவது, சலூனுக்கும் வந்துடுச்சு விஞ்ஞானம்." கிழித்த தாளை நீட்டினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். குரலை உயர்த்தக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார்கள். அதனால் அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஆபத்து. இப்போது அது கிணற்றின் அடியிலிருந்து வந்தது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க."

"பார்த்தியா!"

"ஆனா ஒருத்தர் சொல்றதை வெச்சு முடிவு பண்ண முடியாதுங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல பரீட்சை வெப்போம். நாளைக்கு ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்களுக்கும் வெக்கிறேன். உங்க வலது மூளை வேலை செய்யலன்னு தெரிஞ்சா லீவை நீட்டிச்சிடறேன். படிவம் மேஜை டிராயர்ல இருக்கு. நிரப்பித்தான் வெச்சிருக்கேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

ஏற்கெனவே எதற்கு நிரப்பி வைத்தாள் என்று மாஸ்டர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. தன்னிடம் வருபவர்கள் பரீட்சையில் தேறப் பதினோரு வருஷம் உழைத்தவர். தேறாமல் போவதில் என்ன கஷ்டம்?

இருந்தாலும் அன்று சாயங்காலம் வகுப்புக்குப் போகுமுன் கட்டுரையை மறுபடி படித்தார். பக்கத்தின் கீழே ஒரு மனிதரின் கதை இருந்தது. வலது மூளையில் அடைப்பு வந்த பிறகு அவருக்கு உலகத்தின் இடது பக்கமே இல்லாமல் போய்விட்டதாம். தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிடுவாராம். முகத்தில் வலது பாதியை மட்டும் மழித்துக்கொள்வாராம். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே அடைத்துவிடுவாராம்.

'ஆகா' என்றார் மாஸ்டர். பரீட்சையின் விடைத்தாளே கையில் கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மனைவி ஒரு நோட்டும் பேனாவும் கல்யாண ஆல்பமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இது யாரு?"

அவளுடைய அண்ணன். மாலையும் கழுத்துமாக இருக்கும் மாஸ்டர் பக்கத்தில் நிற்கிறார்.

"தெரியலையே. யாரோ போலீஸ்காரர் மாதிரி இருக்காரு."

எழுதிக்கொண்டாள். "இது?"

மாஸ்டரின் அம்மா. அவருக்குக் கொஞ்சம் மனசு இடித்தது. ஆறரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டார். "யாரோ பெரியம்மா. பாவம், நல்லவங்க மாதிரி தெரியுது."

"இது?"

மாஸ்டரே. கல்யாணக் கோட்டில். எண்ணெய் வைத்து வாரிய முடியோடு.

"தெரியல. ஆனா ஆளு அம்சமா இருக்கான்."

அவள் எழுதியதை மாஸ்டர் எட்டிப் பார்த்தார். 'தன் முகமே அடையாளம் தெரியவில்லை. ஆனால் பிடித்திருக்கிறது.'

அடுத்தது கடிகாரம். மாஸ்டர் வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலது பக்கத்தில், மாலை நேரத்துப் பஸ் மாதிரி அடைத்தார். ஒன்பதும் பத்தும் ஃபுட்போர்டில் தொங்கின.

"இடது பக்கம் காலியா இருக்கே?"

"எந்த இடது பக்கம்? எனக்கு இடது பக்கமே தெரிய மாட்டேங்குதும்மா!"

அவள் பேனா ஒரு நிமிஷம் நின்றது. பொய்யாகவோ நிஜமாகவோ இருமினாள். பிறகு அதையும் எழுதிக்கொண்டாள், வார்த்தை பிசகாமல்.

"இது எத்தனை நாளா?"

"சின்ன வயசுல இருந்தே இருக்கும்போல. இப்பதான் கவனிக்கிறேன்."

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வந்தது. தட்டின் வலது பாதியில் வெறும் சோறும் வேகவைத்த சுரைக்காயும். இடது பாதியில் மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு வறுவல். மேலே ஒரு பொரித்த முட்டை, மஞ்சள் கரு சூரியன் மாதிரி ததும்பிக்கொண்டு. வாசனை மூக்கின் இரண்டு துவாரத்திலும் ஏறியது. மூக்கில் இடது வலது பார்க்க முடியவில்லை.

அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். நோட்டு திறந்திருந்தது.

மாஸ்டர் சுரைக்காயைச் சாப்பிட்டார். முழங்கை பட்டதுபோலத் தட்டை லேசாகச் சுழற்றிப் பார்த்தார். அவள் ஒரு விரலால் பழையபடி நேராக்கினாள்.

"நோயாளிங்க தட்டைத் திருப்ப மாட்டாங்க. நாங்கதான் திருப்பிக் குடுப்போம்."

"அப்ப திருப்பிக் குடேன்."

"அது சிகிச்சை. இது பரீட்சை."

சோறு தீர்ந்தது. சுரைக்காய் தீர்ந்தது. முட்டை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வயிறு நிறைஞ்சுதா?"

"தட்டு காலியாயிடுச்சே" என்றார் மாஸ்டர், கண்ணில் தண்ணீர் முட்ட.

"ஆமாமா, காலிதான்" என்று அவள் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, முட்டையை அலுங்காமல் எடுத்துத் தன் சோற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "வீணாக்கக் கூடாதுல்ல?"

அன்று மதியம் ஃபேனுக்குக் கீழே படுத்தும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் வறுவல் தெரிந்தது. அதுவும் இடது பக்கமாகவே தெரிந்தது.

சனிக்கிழமை காலை அவர் பாதி முகம் மட்டும் மழித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. அரைகுறையைக்கூட முழுசாகச் செய்பவர். முதல் வகுப்பு ஒரு லைப்ரரி அம்மாவுக்கு. அவர் ஓட்டியபடியே இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார். இரண்டாவது வகுப்புக்காரர் எதுவும் கேட்கவில்லை. ரோட்டைப் பார்க்க வேண்டிய கண்ணால் மாஸ்டரின் கன்னத்தையே பார்த்து ஒரு விளக்குக் கம்பத்தின் மேல் ஏற்றப் போனார். பிரேக் காப்பாற்றியது.

பத்து மணிக்கு வீடு வந்தபோது மனைவி கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்த தாள்.

"ஏங்க, உங்க டிரைவிங் ஸ்கூல் முதலாளியோட முழுப் பேர் என்ன?"

"எதுக்கு?"

"கடிதம் அவருக்குத்தான். இடது பக்கம் தெரியாத ஒருத்தர் ரோட்டுக்கு வரக் கூடாதுங்க. இப்படி யாராவது வந்தா டாக்டர்கிட்ட சொல்லி, வண்டி ஓட்டறதை நிறுத்தி வெக்கச் சொல்வோம். அது எங்க கடமை. லைசென்ஸையும் கொஞ்ச நாள் ஒப்படைக்கணும்."

மாஸ்டர் சுவரில் சாய்ந்தார். "லைசென்ஸா?"

"பயப்படாதீங்க. நிரந்தரமா இல்ல. குணமாகிற வரைக்கும். ஒரு மூணு மாசம், ஆறு மாசம்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"வீட்லதான் இருப்பீங்க. காலையில ஆறு மணியில இருந்து ராத்திரி வரைக்கும். அது ஒரு விதத்துல நல்லதுதான். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது வேலைக்குப் போகணும் இல்லையா? அதனால நான் திங்கட்கிழமை போயே ஆகணும். நீங்க பாப்பாவை முழுநேரமும் பார்த்துக்கலாம். நடுவுல வகுப்புக்கு ஓட வேண்டியதும் இல்ல."

மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை ஓங்கி அழுத்தியது. பிரேக் எங்கும் அகப்படவில்லை.

"நில்லு நில்லு நில்லு. எழுதாதே."

"ஏன்?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"இடது பக்கம்! அதோ காலண்டர். அதோ ஜன்னல். ஜன்னல்ல உன் துவைச்ச துண்டு. காலண்டர்ல நேத்துத் தேதி கிழிக்கலை பாரு!" பேனாவைப் பிடுங்கி, கடிதத்தின் பின்பக்கமே ஒரு கடிகாரம் போட்டார். ஒன்பது ஒன்பதின் இடத்தில். பத்து பத்தின் இடத்தில். நடுவில் முள்கூட வைத்தார். "போன மாதிரியே வந்துடுச்சும்மா!"

"மூணு மாசத்துல ஆகிற குணம். மூணு நிமிஷத்துல ஆயிடுச்சு."

"உன் கைராசி."

அவள் பேனாவைத் திரும்ப வாங்கி மூடி வைத்தாள். "ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்த மாதிரி நோயாளிங்களை நான் எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கேன். இடது பக்கம் காணாமப் போறதுல பெரிய கஷ்டமே என்னன்னா, அது காணாமப் போனதே அவங்களுக்குத் தெரியாது. கடிகாரத்தை அப்படி வரைஞ்சுட்டு, சரியா இருக்குன்னுதான் சொல்வாங்க. 'எனக்கு இடது பக்கம் தெரியலை'ன்னு வாயாலயே வந்து சொன்ன முதல் ஆளு நீங்கதான்."

மழித்த கன்னமும் மழிக்காத கன்னமும் ஒரே மாதிரி சிவந்தன.

"அப்ப நேத்தே உனக்குத் தெரியுமா?"

"கடிகாரத்துலயே தெரியும்."

"அப்புறம் எதுக்குச் சுரைக்காய்?"

"நோட்டுல எழுத ஆரம்பிச்சுட்டேன். முடிக்க வேண்டாமா?"

தோற்றவர் அதோடு போயிருக்கலாம். ஆனால் ஆறரை மணி நேரம் லேசில் விட்டுக்கொடுக்கிற சொத்து இல்லை. "சரி, இடது பக்கம் பொய். ஒத்துக்கறேன். ஆனா அழுகை மட்டும் பொய் இல்ல. பாப்பா அழுதா எதுக்கு அழுதுன்னு எனக்குப் புரியாது. அது நிஜம்."

ஒரு பதிலடி வரும் என்று காத்திருந்தார். அவள் கடிதத்தை நாலாக மடித்தாள்.

"நானும் அதைத்தான் தெரிஞ்சுக்கணும்" என்றாள். குரல் இறங்கித்தான் இருந்தது. ஆனால் இது கோபத்தில் இறங்கியது இல்லை. "எனக்குப் பயமா இருக்குங்க. தபால்காரர்னு சொல்வேனே, அவருக்கு நான் லீவு போடறப்ப ரெண்டு வார்த்தைதான் வந்திருந்தது. சொல்லச் சொன்னா வராது. பாட்டா இழுத்தா வரும். இடது பாதியில அடிபட்டும், பாட்டு ஒரு கதவைத் திறந்துவிடுது. மக பேரை ஒரே ஒரு தடவை சொல்லிடணும்னு உட்கார்ந்திருக்காரு. என் இடத்துல இப்ப இருக்கிற பொண்ணு அவரை அவசரப்படுத்தறாளாம். நான் போகணும். போனா, அங்க நான் அவர் குரலைக் கேட்டுட்டு இருக்கும்போது இங்க இது அழுது, அது என்னன்னு உங்களுக்குப் புரியாமப் போயிட்டா? அதை நினைச்சுத்தான் அந்தப் படிவத்தை நிரப்பி வெச்சேன். நீங்க சலூனுக்குப் போறதுக்கு முன்னாடியே."

சொல் மாஸ்டருடைய பாதியில்தான் இருக்க வேண்டும், தேடினார், கிடைக்கவில்லை.

"நாளைக்குக் கடைசிப் பரீட்சை" என்றாள். "அதுல மட்டும் நடிக்காதீங்க. நிஜமா தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

மீதிக் கன்னத்தை மழித்துக்கொள்ள மாஸ்டர் எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. பதினோரு மணிக்கு அவள் வாளியை எடுத்துக்கொண்டு, "மாடியில துணி காயப் போட்டுட்டு வரேன். அரை மணி ஆகும்" என்றாள். பரீட்சை எப்போது என்று கேட்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

மாஸ்டர் செய்தித்தாளை விரித்தார். விளையாட்டுப் பக்கம்.

குழந்தை அழுதது. குட்டிக் குட்டியாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி, யாராவது பார்க்கிறார்களா என்று சோதிக்கிற மாதிரி.

"சாவிக்கொத்து உருண்டு போச்சா?" என்றார் தலை நிமிராமல். காலை நீட்டி, கட்டிலுக்கு அடியிலிருந்து சாவிக்கொத்தைக் கட்டைவிரலால் இழுத்துப் பாய்ப் பக்கம் தள்ளினார். அழுகை நின்றது. இன்னொரு செய்தி படித்தார்.

மறுபடி அழுகை. இந்தத் தடவை மெல்லிசாக, மேலே மேலே ஏறிக்கொண்டு.

"ஈரம்" என்று முணுமுணுத்தார். செய்தித்தாளை வைத்துவிட்டு எழுந்தார். ஈரம்தான். மாற்றினார். பின்புறம் முன்புறமாகப் போய், அவிழ்த்து, மறுபடி மாற்றினார். போதும் என்று உட்காரும்போது மூன்றாவது அழுகை. உடைந்து உடைந்து, நடுவில் ஒரு கொட்டாவி, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

"தூக்கம் வந்தா தூங்க வேண்டியதுதானே, எதுக்குச் சண்டை? அப்பனைப் பாரு. படுத்தா ரெண்டே நிமிஷம்."

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தார். தாலாட்டு எதுவும் தெரியாது. தெரிந்ததைப் பாடினார். "வளைவில் வேகம் குறைக்கணும்... கண்ணாடி பார்த்துத் திரும்பணும்... பள்ளிக்கூடம் வந்தாலே, மெதுவா மெதுவாப் போகணும்..." மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்கிற வரிக்கு வருவதற்குள் குழந்தையின் தலை அவர் கழுத்தில் சாய்ந்துவிட்டது.

திரும்பினார். கதவு பாதி திறந்திருந்தது. மனைவி வாளியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். வாளியில் ஒரு துணிகூட இல்லை. மாடிப்படி ஏறவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"சாவிக்கொத்து, ஈரம், தூக்கம்" என்றாள் மெதுவாக. "மூணும் சரி."

"அது... அது யாருக்கு வேணும்னாலும் தெரியுமே. சும்மா ஒரு யூகம்..."

"நீங்க குழந்தையை எந்தப் பக்கம் தூக்கி வெச்சிருக்கீங்க, பாருங்க."

பார்த்தார். இடது தோள்.

"பிறந்த அன்னிக்கு நர்ஸ் குடுத்தப்பவும் இடதுதான். இன்னிக்கும் இடதுதான். யாரும் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. ரொம்பப் பேரு அப்படித்தான் தூக்கறாங்க, வலது கைக்காரங்களும்கூட. இடது பக்கத்துல தெரியற முகத்தையும் கேக்கற குரலையும் வலது மூளை சட்டுனு புரிஞ்சுக்கும், அதனாலயா இருக்கலாம்னு சொல்றாங்க. அதுதான் காரணமான்னு இன்னும் முடிவாகல." அவள் கிட்டே வந்து குழந்தையின் முதுகில் கையை வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்கு முடிவாயிடுச்சு."

டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்தாள். ஒரு தடவை கிழித்தாள். சத்தம் கேட்டுக் குழந்தை சிணுங்கவே, மீதியைக் கிழிக்காமல் அப்படியே கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"அப்ப வெள்ளி, சனி வெச்ச பரீட்சை எல்லாம்?" என்றார் மாஸ்டர் கிசுகிசுப்பாக.

"அது உங்களுக்கு. இன்னிக்கு வெச்சது எனக்கு."

அன்று மதியம் தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது. இடது பக்கமும் வலது பக்கமும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளைக் கோட்டு கொக்கியிலிருந்து இறங்கிப் போனது. வாசலில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தது. நாலாவது தடவை பார்ப்பதற்குள் மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டார், பஸ் போய்விடும் என்று.

பத்தே முக்காலுக்கு அவர் சலூனுக்குள் நுழைந்தார். இடது தோளில் குழந்தை, வலது தோளில் பை, பையில் இரண்டு பால் புட்டி. கேரம் பலகை சுவரோரம் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"வாங்க மாஸ்டர்" என்றார் சலூன்காரர். "உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். நீங்க கிழிச்சுட்டுப் போன கட்டுரை அடுத்த பக்கத்துலயும் தொடருது. நேத்துதான் பார்த்தேன். கேளுங்க. 'ஆனால் ஒரு பாதியை மட்டும் கொண்டு வாழும் இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று யாரும் கிடையாது. இரண்டு பாதிகளையும் கோடிக்கணக்கான நரம்பு இழைகள் பாலம்போல இணைக்கின்றன. எந்த வேலையையும் இரண்டும் கலந்துபேசித்தான் செய்கின்றன.'"

"இதை வியாழக்கிழமை படிச்சிருக்கக் கூடாதா அண்ணே?"

"நீங்கதான் பாதியோட கிழிச்சுட்டு ஓடிட்டீங்களே." சலூன்காரர் குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு யோசித்தார். "ஆமா மாஸ்டர், நீங்க இடது, வீட்டம்மா வலதுன்னு பாகம் பிரிக்கப் போறேன்னு போனீங்களே. இப்ப ரெண்டு பாதியும் உங்ககிட்டயே இருந்தா, அவங்ககிட்ட என்ன இருக்கு?"

குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. பசி. மாஸ்டர் புட்டியின் மூடியைப் பல்லால் திறந்தார்.

"மூளை" என்றார்.